'மூட்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

மனநல ஓ.பி.யின் கேஸ் ஷீட்டில் தோற்றம், நடத்தை, பேச்சு ஆகியவற்றை எழுதி முடித்த பிறகு, சிந்தனைக்குப் போவதற்கு முன்னால் 'மூட்' என்று ஒரு வரி வரும். பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் மிக வேகமாக நிரப்புவது இந்த இடத்தைத்தான். 'லோ', 'நார்மல்', 'டல்' என்று ஒரு சொல்லில் வேலை முடிந்துவிடும். அடுத்த தடவை வேறொருவர் அந்தத் தாளைப் பிரித்தால் அவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. போன மாதத்து 'லோ'வும் இந்த மாதத்து 'லோ'வும் ஒன்றா, கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வார்?

அந்த வரியில் உண்மையில் இரண்டு பதிவு வேண்டும். ஒன்று, எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு வந்தவர் சொன்ன வாக்கியம், அவர் வாயில் வந்தபடியே, மேற்கோள் குறிக்குள், தமிழில். இன்னொன்று, பேட்டி முழுவதையும் வைத்து நாம் கணிக்கும் நிலை: தாழ்ந்திருக்கிறது, பதற்றமாக இருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது, அளவுக்கு மீறி உற்சாகமாக இருக்கிறது. இதற்குப் பக்கத்திலேயே 'அஃபெக்ட்' என்று இன்னொரு கட்டம் உண்டு. அது அந்த நேரத்தில் முகத்திலும் குரலிலும் கையசைவிலும் தெரிவது. பழைய இலக்கணக்காரர்கள் மெய்ப்பாடு என்று நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு சொன்னார்களே, கிட்டத்தட்ட அதுதான். மூட் என்பது நாள்கணக்கில், வாரக்கணக்கில் உள்ளே கிடப்பது. சித்திரை மாதம் முழுக்க மதுரையில் வெயில் கொளுத்தும்; நடுவில் ஒரு சாயங்காலம் மழை அடித்துவிட்டுப் போகும். அந்த மழையைப் பார்த்து மாதத்தையே குளிர்காலம் என்று எழுதினால் எப்படி? நம்மைப் பார்த்து மரியாதைக்காகச் சிரித்த பெரியவரை 'நார்மல்' என்று எழுதுவதும் அப்படித்தான்.

அஃபெக்ட்டில் எந்த உணர்ச்சி என்பதோடு நிறுத்தக் கூடாது. எவ்வளவு விரிவாக மாறுகிறது, பேரப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் முகம் கொஞ்சமாவது மலர்கிறதா, சொல்லும் செய்திக்கும் முகத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, சிரிப்பும் அழுகையும் காரணமில்லாமல் மாறி மாறி வருகிறதா, இவையெல்லாம் வேண்டும். கடனைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறார் என்றால் அந்தப் பொருத்தமின்மையை ஒரு வரியில் எழுதிவைப்பது பிற்பாடு பெரிய உதவி.

கேட்கும்போது 'மூட்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் இருப்பதே உத்தமம். வயதானவர்கள் காதில் அது மூட்டு என்று விழும். முழங்கால் வலியைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்வார்கள். இளவட்டங்களின் பேச்சில் 'மூடு வந்திருச்சு' என்றால் அர்த்தமே வேறு. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்யாணமாகி ஆறு மாதமான பெண்ணிடம் "உங்க மூடு எப்படிம்மா இருக்கு" என்று கேட்டுவிட்டால், அதற்கப்புறம் அந்தப் பெண் வாயைத் திறக்காது. குடிப்பவர்கள் மத்தியில் மூடு என்பது சரக்கு உள்ளே போனபின் வருவது. 'மூட் அவுட்' என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்வது அரை மணி நேரச் சலிப்பிலிருந்து மூன்று வாரமாக வகுப்புக்கே போகாதது வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். "மனசு எப்படிம்மா இருக்கு?", "இப்ப கொஞ்ச நாளா எப்படிண்ணே இருக்கீங்க?" என்ற கேள்விகளே போதும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். கூட வந்தவர் பதில் சொல்ல ஆரம்பிப்பார். அவரை வெளியே மருந்துச் சீட்டு வரிசையில் நிற்க வைத்துவிட்டு, வந்தவரிடம் மறுபடி கேட்க வேண்டும். கூட வந்தவர் சொல்வது தேவையில்லை என்பதில்லை. அதற்கு வேறு நேரம், வேறு பக்கம்.

பதிலில் வரும் சொற்களை நிதானமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. "எரிச்சலா இருக்கு" என்றால் வயிற்றிலா, கண்ணிலா, ஆள்களைக் கண்டாலா? மூன்றுக்கும் இங்கே ஒரே சொல்தான். "நெஞ்சு பாரமா இருக்கு" என்று சொல்கிறவர் நாற்பதைத் தாண்டியவராகவோ சர்க்கரை, பிரஷர் உள்ளவராகவோ இருந்தால், மனபாரம் என்று எழுதுவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்றா என்று பார்ப்பது முதல் வேலை. "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கு "என்ன மாதிரி?" என்று திருப்பிக் கேட்டால் "அதான், ஒரு மாதிரி" என்றுதான் வரும். அதை விட்டுவிட்டு, "காலையில எந்திரிச்ச உடனே எப்படி, பொழுது சாய எப்படி?" என்று கேட்டால் வாய் திறக்கும். காலையில் மோசமாகவும் சாயங்காலம் தேவலை போலவும் இருப்பது கடுமையான மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று. "வெறிச்சுன்னு இருக்கு", "ஒண்ணும் ஓடல", "மனசு விட்டுப்போச்சு", "கை கால் ஓஞ்சுபோச்சு" இவையெல்லாம் வெவ்வேறு விஷயங்கள். முதலாவது வெறுமை, இரண்டாவது யோசனை தடைபடுவது, மூன்றாவது நம்பிக்கையின்மை, நான்காவது ஆற்றல் குறைவு. நான்கையும் 'லோ மூட்' என்று மொழிபெயர்த்தால் நான்கு அறிகுறி ஒன்றாகிவிடுகிறது. மனச்சோர்வை முடிவுசெய்வதே இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-10 கணக்குப்படி தாழ்ந்த மனநிலை, நாட்டமின்மை, ஆற்றல் குறைவு என்ற மூன்றில் குறைந்தது இரண்டும், தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு, குற்றவுணர்வு போன்றவற்றில் வேறு இரண்டும், இரண்டு வாரமாவது நீடித்தால்தான் லேசான மனச்சோர்வு என்றே பேர்.

ஆம்பளைகளிடம் இன்னொரு சிக்கல். அவர்கள் சோகம் என்று சொல்லவே மாட்டார்கள். கடுப்பு, காண்டு, "யாரப் பார்த்தாலும் அடிக்கணும்போல இருக்கு" என்றுதான் வரும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் இப்படித்தான். சோகத்தைத் தேடிப் போனவர் அதைக் காணாமல் 'மூட் நார்மல்' என்று எழுதிவிடுவார்.

அளவு கேட்பதற்குப் புத்தகத்தில் பூஜ்யம் முதல் பத்து வரை என்று இருக்கும். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் அது எடுபடுவதில்லை. எதைக் கேட்டாலும் அஞ்சு என்பார்கள். "நல்லா இருந்தப்ப இருந்த மனச ஒரு ரூவான்னு வச்சுக்கிட்டா, இப்ப எத்தனை அணா இருக்குய்யா?" என்று கேட்டால் "நாலணா தேறும்" என்று கணக்காக வரும். அதையே அப்படியே எழுதலாம். அடுத்த தடவை "ஆறணா" என்றால் கொஞ்சம் முன்னேற்றம். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ.-9 தாளும் நல்லதுதான். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் நின்றுகொண்டு பேத்தி படித்துக் காட்ட ஆத்தா தலையாட்டி நிரப்பிய தாளுக்கு மதிப்பு குறைவு. மொத்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்பதாவது கேள்வியைப் பார்த்துவிட வேண்டும். அது சாவைப் பற்றியது. மொத்தம் ஆறே வந்திருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் இல்லையென்றால் ஆளை வெளியே அனுப்பக் கூடாது.

தூக்கத்துக்கு மதுரையில் தனிக் கவனம் வேண்டும். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னால் விழிப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்காமல் கிடப்பது முக்கியமான அறிகுறி. "வெள்ளன முழிப்பு வந்துருதா?" என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். பூ வியாபாரத்தில் இருப்பவரும், கருக்கலில் மல்லிகை மொட்டு பறிக்கப் போகிறவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் தொழிலே அது. ராத்திரி ஒரு மணிக்குக் கடையைக் கழுவிவிட்டுப் படுக்கும் பரோட்டா மாஸ்டர் எட்டு மணிக்கு எழாமல் ஐந்துக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதுதான் வெள்ளன. இப்போதைய கடிகார நேரத்தை மட்டும் எழுதாமல், "முன்னே இத்தனை மணி, இப்போது இத்தனை மணி" என்று இரண்டையும் எழுத வேண்டும்.

நாட்டத்தையும் இப்படித்தான், ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும். "எதுலயாவது ஆர்வம் இருக்கா?" என்றால் உழைத்தே பழகிய மனிதர் "ஆர்வத்துக்கு எங்க நேரம்" என்பார். பாலமேட்டுப் பக்கம் ஜல்லிக்கட்டு மாடு வளர்ப்பவரிடம் மாட்டைக் கேளுங்கள்: தண்ணி காட்டுவது யார், நீச்சலுக்குக் கூட்டிப் போவது யார், முன்னே யார்? தன் கையால் தீனி வைத்துக்கொண்டிருந்தவர் பத்து நாளாகக் கொட்டத்துப் பக்கமே போகவில்லை என்று மகன் சொன்னால், அந்த ஒரு வரி 'ஆர்வமின்மை' என்ற சொல்லைவிடக் கனமானது. பெண்களிடம் பூ வைப்பது, தலை சீவுவது, கோலம் போடுவது கேட்கலாம். ஆனால் வீட்டில் துக்கம் நடந்து காரியம் முடியாமல் இருக்கலாம், புருஷனை இழந்தவராக இருக்கலாம். பூ வைக்கவில்லை என்பதை அறிகுறியாக எழுதுவதற்கு முன் இதைக் கேட்காமல் விடுவது பெரிய அசட்டுத்தனம்.

ஆங்கில இலக்கணத்திலும் ஒரு மூட் இருக்கிறது. மனநிலையைச் சொல்லும் மூட், மனம், உள்ளத்து ஊக்கம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இலக்கணத்து மூட், 'விதம்' என்று பொருள்படும் லத்தீன் மோடுஸ் வழியாக வந்தது. பிறப்பு வேறு, உருவம் ஒன்றாகிப்போனது. ஏவல், வியங்கோள், நிபந்தனை என்று வினை எந்த விதத்தில் நிற்கிறது என்பதே அந்த மூட். வாத்தியார்களோடு முடிந்துபோகிற விஷயம் என்று நினைக்கலாம். ஆனால் தற்கொலை எண்ணத்தைப் பதிவு செய்யும் இடத்தில் இந்த இரண்டாவது மூட் தெரியாமல் முதலாவதை எழுத முடியாது.

"செத்துட்டாத் தேவலைன்னு இருக்கு" என்பதில் இருப்பது நிபந்தனை. சாவு வந்தால் சரி, தானாகத் தேடும் பேச்சு அதில் இல்லை. "சாமி என்னைய எடுத்துக்கிரக் கூடாதா" என்பது வேண்டுதல், செய்கிறவர் சாமி. "சாகணும்போல இருக்கு" ஆசை. "நான் சாகணும், என்னாலதான் குடும்பம் நாசமாச்சு" என்பதில் அதே 'ணும்' கடமையாகிவிடுகிறது. குற்றவுணர்வு உள்ளே வேலை செய்கிறது, இது ஆசையைவிட ஆபத்தானது. "செத்துருவேன்" தீர்மானம், சில சமயம் மிரட்டல், சில சமயம் இரண்டும். "செத்துப் போ, செத்துப் போங்குது" என்றால் ஏவல். யார் ஏவுகிறார்கள் என்று உடனே கேட்க வேண்டும், காதில் குரல் கேட்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த ஆறு வாக்கியங்களும் ஆங்கிலத் தாளில் 'சாக விரும்புகிறார்' என்ற ஒரே வாக்கியமாகப் போய்ச் சேர்வதைத்தான் அதிகம் பார்க்கிறோம். வினை எப்படி முடிந்தது என்பதைத் தொலைத்தால் அபாயத்தின் அளவும் தொலைந்துவிடும்.

முதல் வாக்கியம் இங்கே சும்மாப் பேச்சிலும் வரும். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவரும் அதைச் சொல்வார். அதற்காக விட்டுவிடவும் முடியாது. எண்ணம் எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா, முன்னால் முயன்றதுண்டா, இதுவரை தடுத்துவைத்திருப்பது எது என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. கேட்டதும் பெரும்பாலானவர்களுக்குச் சுமை இறங்கினாற்போல்தான் இருக்கிறது. தோட்டங்காடு உள்ள வீடு என்றால் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, சாவியை வேறொருவர் கையில் கொடுக்கச் சொல்வது அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று முந்தைய முயற்சியை மறைப்பவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கருத வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய தண்டிக்கக் கூடாது என்கிறது. அதைச் சொன்ன பிறகு உண்மை வருவதுண்டு. ராத்திரியில் பேச 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

'மூட் ஸ்விங்' என்ற சொல் இப்போது செல்போன் வழியாக வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. காலையில் சிரித்து மதியம் அழுது ராத்திரி சண்டை போட்டால் பைபோலார் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று தாங்களே முடிவுகட்டி வருகிறார்கள். நாள் கணக்கைக் கேட்டாலே பாதி தெளிந்துவிடும். மேனியா என்ற மிகை உற்சாக நிலை என்றால் ஒரு வாரமாவது, அதன் மென்மையான வடிவம் நான்கு நாளாவது, விடாமல் இருக்க வேண்டும். மணிக்கணக்கில் மாறுவது வேறு. யாராவது ஒரு சொல் சொன்னதும் சரிவது வேறு. தீட்டுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் வந்து, தீட்டு வந்ததும் இறங்கிப்போவது வேறு. கடைசியாகச் சொன்னதை உறுதிசெய்ய இரண்டு மாதச் சுழற்சிக்காவது தினமும் எழுதிவைத்த குறிப்பு வேண்டும். அதற்கு ஆப் எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். கிழிக்கும் தாளின் பின்பக்கம் எத்தனை மணி நேரத் தூக்கம், மனசு எத்தனை அணா, மாத்திரை போட்டாச்சா, தீட்டு நாளா என்று நான்கு குறிப்பு. கிழித்ததைத் தூக்கிப் போடாமல் கம்பியில் குத்தி வைத்து எடுத்துவரச் சொல்ல வேண்டும். ஒரு மாதத் தாளைப் பார்த்தால் பத்து நிமிடப் பேட்டியில் கிடைக்காதது கிடைக்கும்.

மேனியா திருவிழாச் சமயத்தில் கண்ணில் படாமல் போகும். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு ஊரே விடிய விடிய முழித்திருக்கும்போது ஒருவர் தூங்காமல் இருப்பது யாருக்கும் தெரியாது. அழகர் ஆற்றில் இறங்கி, ஊர் அசதியில் படுத்த பிறகும் இவர் மட்டும் அசதியே இல்லாமல் திரிகிறார், கடன் வாங்கி அன்னதானம் போடுகிறார், பேச்சை நிறுத்த முடியவில்லை என்றால் அது பக்தி என்று வீட்டார் நாலைந்து நாள் பொறுத்திருப்பார்கள். தூக்கம் கெடுவது மேனியாவின் விளைவாகவும் இருக்கும், அதைக் கிளப்பிவிடும் காரணமாகவும் இருக்கும். ஆகவே பைபோலார் உள்ளவருக்குப் பங்குனி மாதமே சொல்லிவிட வேண்டும்: சாமி பார்க்கலாம், ராத்திரி முழுக்க முழிக்க வேண்டாம், மாத்திரை நேரம் தவற வேண்டாம்.

மாத்திரையின் பெயரே ஒரு தொந்தரவு. மனநிலையை ஏறாமல் இறங்காமல் நிலைப்படுத்தும் 'மூட் ஸ்டெபிலைசர்' வீட்டுக்குப் போகும்போது 'மூடு மாத்திரை' ஆகிவிடுகிறது. மனசு சரியில்லாத அன்றைக்குப் போட வேண்டியது என்று தலைவலி மாத்திரைபோல நினைத்துக்கொள்கிறார்கள். நல்லா இருக்கிறோமே என்று நிறுத்திவிட்டு அடுத்த மாதம் ஏறிப்போய் வருவார்கள். நல்லா இருப்பதைக் காப்பதற்குத்தான் அந்த மாத்திரை என்பதை எழுதியே கொடுக்க வேண்டும். இந்த வகையில் ஒன்றான லித்தியம் போடுகிறவர்களுக்கு மதுரை வெயில் நேரடி ஆபத்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்ற குறுகிய அளவில்தான் அது இருக்க வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வியர்த்துக் கொட்டி நீர் வற்றினாலும், பிரஷருக்காகத் திடீரென்று உப்பைக் குறைத்தாலும், மெடிக்கலில் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் வாங்கிப் போட்டாலும் அளவு ஏறும். கை நடுக்கம் பெரிதாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது எல்லாம் நஞ்சேறுவதன் அடையாளம். குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடாமல் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். இதே வகையில் இன்னொன்றான வால்புரோயேட் கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணின் சீட்டில் அதைப் பார்த்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

மூட் எதுவாக இருந்தாலும் தைராய்டு, ரத்தசோகை, ஸ்டீராய்டு மாத்திரை, குடி நான்கையும் கேட்டுவிட வேண்டும். தினசரி குடிப்பவரின் சோர்வை, குடியை நிறுத்தி மூன்று நான்கு வாரம் போகாமல் தனி நோய் என்று எழுதிவிட முடியாது. பாண்டி கோயிலுக்கோ கோரிப்பாளையம் தர்காவுக்கோ முதலில் போய் வந்திருப்பார்கள். அதைக் குற்றம்போலக் கேட்டால் அடுத்த தடவை மறைப்பார்கள். எப்போது போனார்கள் என்ற தேதி நமக்கு வேண்டும், நோய் எப்போது தொடங்கியது என்பது அதில்தான் தெரியும்.

மறுவருகைத் தாளில் 'பெட்டர்' என்று எழுதுவது முதல் தடவை 'லோ' என்று எழுதியதற்குச் சற்றும் குறைந்த தப்பில்லை. முதல் தடவை மேற்கோள் குறிக்குள் எழுதிய அதே வாக்கியத்தை வாசித்துக் காட்டி, "இப்ப இது எப்படிம்மா?" என்று கேட்பது நல்ல முறை. சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தூக்கமும் கைகால் சுறுசுறுப்பும் முதலில் திரும்பலாம். மனசு பிந்தி வரலாம். முன்பு எழுந்து நிற்கக்கூட முடியாமல் "செத்துட்டாத் தேவலை" என்றவருக்கு இப்போது நடக்கத் தெம்பு வந்திருக்கிறது, எண்ணம் போகவில்லை. இந்த இடைவெளியில், அதிலும் இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுக்காமல் ஒரு வாரத்துக்கு எழுதி, டப்பாவை வீட்டில் பொறுப்பானவர் வைத்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த வாரமே வரச் சொல்ல வேண்டும். வராவிட்டால் போன் செய்ய இரண்டு நம்பர் சீட்டில் இருக்கிறதா என்று அவர்கள் எழுந்து போவதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.